முற்றெச்சப் பிறவிகள்: ஆமை மொழிகளிலே பொருளாக்கம் பற்றிய ஒரு நோக்கு

செய்நிரலாக்க மொழிகளை ஆராய்வது கணிதவியலாளருக்கும் பொறியியலாளருக்கும் மட்டுமே உரிய பணி என்னும் எண்ணம் கலைப்பீடத்தைச் சேர்ந்த எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஆயின் அம்மொழிகளும் மனிதர் இயற்றியவையே. சொற்றெரிவும் தொடரமைதியும் அவற்றுக்கும் உண்டு. உலகம் எவ்வாறு இயங்குகின்றது என்பது பற்றிய ஒரு கருத்துநிலை அவற்றினுள்ளே பொதிந்திருப்பதையும் காணலாம். எதனை எளிதாகச் சொல்ல ஒரு மொழி இடந்தருகின்றது, எதனைச் சொல்லவொட்டாது தடுக்கின்றது, எதனைச் சொல்லாமலே நிகழ்த்திவிடுகின்றது என்று வினவுவது திறனாய்வின்பாற்பட்டதே. இக்கட்டுரை ஆமை மொழிகள் எனத்தக்க ஒரு மரபை எடுத்துக்கொண்டு ஒரேயொரு வினாவை எழுப்ப முற்படுகின்றது. அம்மொழிகளிலே ஒரு பொருள் எக்கணத்திற் பிறந்ததாகக் கொள்ளப்படுகின்றது என்பதே அவ்வினா.

வினாவை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்திலே புதிய பொருளொன்றைத் தோற்றுவிக்கும் பகுதியை ஆக்கி எனலாம். ஆக்கியின் கடமை இரண்டு. பொருளுக்கு நினைவகத்திலே இடம் ஒதுக்குதல் ஒன்று. அதன் மாறிகளுக்கு உரிய தொடக்கப் பெறுமானங்களை வழங்கி அதனைப் பயன்பாட்டுக்குத் தகுதியாக்குதல் மற்றொன்று. இவ்விரண்டும் நிறைவேறும்வரை அழைத்தவன் காத்துநிற்பானாயின் அது ஒத்தியங்கும் ஆக்கி. இடம் ஒதுக்கப்பட்டவுடனே பொருள் அழைத்தவன் கையிற் கொடுக்கப்பட்டு, எஞ்சிய வேலை வேறொரு கால ஓட்டத்திலே நடந்துகொண்டிருக்குமாயின் அது ஒத்தியங்கா ஆக்கி. ஆமையின் உருவப்படம் தொலைவிலுள்ள ஒரு கணினியிலிருந்து வரவேண்டியிருக்கின்றது என வைத்துக்கொள்வோம். படம் வருமுன்னரே ஆமை எமது கைக்கு வந்துவிடும். அதனை நூறு அடி நடக்கச் சொல்லலாம், அதுவும் நடக்கும். திரையிலோ ஒன்றும் தோன்றாது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. 'வந்தான்' என்பது முற்று, தன்னளவில் நிறைவுற்றது. 'வந்து' என்பது எச்சம். வேறொரு வினையை அவாவி நிற்பது. இவ்விரண்டுக்கும் இடையே முற்றெச்சம் என ஒன்றினை இலக்கணகாரர் கண்டனர். 'கண்டனன் மகிழ்ந்தான்' என்னுமிடத்துக் 'கண்டனன்' என்பது வடிவால் முற்று, பொருளால் எச்சம். ஒத்தியங்கா ஆக்கி தரும் பொருளும் இத்தகையதே. புறத்தே நோக்குவோர்க்கு அது முழுமைபெற்ற பொருள். அகத்தே இன்னும் முடிவுறாத ஒன்று. ஒரு வேறுபாடு மாத்திரம் மனங்கொள்ளத்தக்கது. தொடரிலே முற்றெச்சத்தைத் தொடர்ந்து வரும் வினை அதனை எச்சமெனக் காட்டிக்கொடுத்துவிடும். செய்நிரலிலே அவ்வாறு காட்டிக்கொடுப்பது எதுவுமில்லை. இக்காரணத்தாற் போலும், பொதுப் பயன்பாட்டு மொழிகள் சில ஆக்கியினுள்ளே காத்திருத்தலுக்கு இடமே கொடாது விட்டன. 2012இலே சீ ஷார்ப்பும் 2017இலே ஜாவாஸ்கிரிப்டும் காத்திருக்கும் செயன்முறைகளுக்கெனத் தனிச் சாவிச்சொற்களை ஏற்றுக்கொண்டபோது, ஆக்கிகளை அவ்வகையில் எழுத அனுமதிக்கவில்லை. அம்மொழிகளில் எழுதுவோர் படைத்தலை வேறொரு செயன்முறையிடம் ஒப்படைத்து, அது முடிவுற்ற பின்னரே பொருளைப் பெற்றுக்கொள்கின்றனர். தடை நல்லதே. எனினும் தடைவிதிப்பது வேறு, பிரச்சினையைச் சிந்திப்பது வேறு. சிந்தித்ததன் தடயங்களை ஆமை மொழிகளிலேதான் தேடவேண்டியுள்ளது.

லோகோ மொழி 1967இலே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலே, போல்ற் பெரனெக் அன்ட் நியூமன் நிறுவனத்திற் பிறந்தது. வொலி பியூர்சீக், சீமோர் பப்பேர்ட், சிந்தியா சொலமன் ஆகியோர் அதன் ஆக்கத்தில் முதன்மையானோர். ஆமை சிறிது பிந்தியே அம்மொழியிற் புகுந்தது. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரிலே கிறே வோல்ரர் 1940களின் இறுதியில் அமைத்த எல்மர், எல்சி என்னும் இயந்திர ஆமைகளே அதன் பெயருக்கு முன்னோடிகள். ஜெனீவாவிலே பியாஜேயுடன் பணியாற்றிய பப்பேர்ட், குழந்தை தானே அறிவைக் கட்டியெழுப்புகின்றது என்னும் கொள்கையை அங்கிருந்து கொண்டுவந்தார். 1980இல் வெளிவந்த 'மைன்ட்ஸ்ரோம்ஸ்' நூலிலே அவர் வற்புறுத்துவது, ஆமையோடு குழந்தை தன் உடலை ஒன்றுபடுத்திக்கொள்ளும் என்பதையே. வட்டம் வரைவது எப்படி என்று தெரியாவிடின் எழுந்து வட்டமாக நடந்து பார். சிறிது முன்னே செல், சிறிது திரும்பு. நீ செய்ததையே ஆமைக்குச் சொல். செய்நிரலிலே வழு நேர்ந்தாலும் வழி இதுவே. ஆமை நடந்த பாதையிலே தானும் நடந்து, எவ்விடத்திற் பிறழ்ந்தது எனக் கண்டுகொள்ளலாம். வழுவை அவமானமாக அன்றிக் கற்கும் பொருளாக நோக்கியமை இம்மரபின் பெருஞ்சிறப்பு.

இந்த ஆமைக்குப் பிறப்பு இல்லை என்பதே ஈண்டு கவனிக்கற்பாலது. மொழி இயங்கத் தொடங்கும்போது ஆமை திரையின் நடுவிலே, மேல்நோக்கி, தயாராக நிற்கும். அதனை யாரும் படைக்கவில்லை; படைக்கவேண்டிய தேவையும் இல்லை. குழந்தையின் காலமும் ஆமையின் காலமும் ஒன்றே. 'முன்னே செல்' என்றால் ஆமை சென்று முடியும்வரை அடுத்த கட்டளை காத்திருக்கும். உடலொன்றிய கல்வி இவ்வளவு இயல்பாக நிகழ்ந்தமைக்கு இந்தக் கால ஒருமையும் ஒரு காரணம் என்பேன். பப்பேர்ட்டைப் பாராட்டுவோர் உடலைப் பற்றி நிறையப் பேசுகின்றனர். காலத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அதே 1967 நோர்வேயிலே வேறொரு வகையிற் குறிப்பிடத்தக்க ஆண்டாகும். ஒஸ்லோவிலுள்ள நோர்வீஜியக் கணித்தல் நிலையத்திலே ஒலே-யொஹான் டாலும் கிறிஸ்ரன் நைகார்டும் சிமுலா 67 என்னும் மொழியை வகுத்தனர். வகுப்பு, பொருள் என்னும் கருத்துக்கள் செய்நிரலாக்கத்துக்கு வந்தது அம்மொழி வாயிலாகவே. சிமுலாவிலே புதிய பொருளொன்றைப் படைத்ததும் அதன் வகுப்பின் உடற்பகுதி இயங்கத் தொடங்கும். அவ்வியக்கத்தின் நடுவே 'டிராச்', அதாவது பிரிந்துபோ, என்னும் கட்டளை வருமாயின் இயக்கம் அவ்விடத்தில் நின்று, கட்டுப்பாடு படைத்தவனிடம் மீளும். பொருள் பின்னொருகால் விட்ட இடத்திலிருந்து தன் வாழ்வைத் தொடரலாம். படைப்பு எங்கே முடிகின்றது, வாழ்வு எங்கே தொடங்குகின்றது என்பதை அப்பொருளின் உரையே, வெளிப்படையாக, ஒரு சொல்லாற் கூறிவிடுகின்றது. தொப்புட்கொடியை எவ்விடத்தில் அறுப்பது என்பதை எழுதியவனே தீர்மானிக்கின்றான், படிப்பவனும் அறிகின்றான். ஒத்தியங்கா ஆக்கத்தைப் பிற்காலத்து மொழிகள் ஓர் இடராகக் கண்ட வேளையில், அவற்றின் முன்னோடி அதனைத் தொடக்கத்திலேயே ஒரு சொல்லாக்கி வைத்திருந்தது என்பது வியப்பளிப்பது. சிமுலா ஆமை மொழியன்று. ஆயினும் உறவு தொலைவானதன்று. சிமுலாவை அறிந்திருந்த அலன் கே 1968இலே பப்பேர்ட்டின் பணியை நேரிற் கண்டார். பின்னர் அவர் கருத்தில் உருவான சிமோல்ரோக் மொழியின் 1972ஆம் ஆண்டு வடிவிலே பொருள்களும் இருந்தன, ஆமைகளும் இருந்தன.

லோகோ மரபினுள்ளே கால ஒருமை படிப்படியாகவே குலைந்தது. 1980களின் தொடக்கத்தில் ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் கணினிக்கென வந்த லோகோவிலே முப்பத்திரண்டு சிற்றுருக்கள் இருந்தன. வேகம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவை தம்பாட்டில் ஓடிக்கொண்டேயிருக்கும். கட்டளையிட்டவன் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் அவையும் படைக்கப்பட்டவையல்ல. எண்ணிடப்பட்டு முன்னமே காத்திருந்தவை. மிச்சல் ரெஸ்னிக் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் உருவாக்கிய ஸ்ரார்லோகோவிலே ஆமைகள் ஆயிரக்கணக்காயின. கறையான்கள் மரத்துண்டுகளைக் குவிப்பதையும் வீதியில் வாகன நெரிசல் தானாகத் தோன்றுவதையும் அவர் 1994இல் வெளியிட்ட நூல் விளக்குகின்றது. ஆயிரம் ஆமைகளுள் எதன் உடலோடு கற்போன் ஒன்றுவது? இவ்வினாவுக்கு ஸ்ரார்லோகோ ஒரு விடை தர முயன்றது. எந்த ஓர் ஆமையாகவும் தன்னைப் பாவித்துக்கொள்ளலாம், எல்லாம் ஒரே விதியைப் பின்பற்றுவனவே என்பது அவ்விடை. பிறந்துவிட்ட ஆமைகளைப் பொறுத்தவரை அது போதுமானது.

பிறப்பை முழுமையாக எதிர்கொண்டது 1999இலே யூரி விலென்ஸ்கி உருவாக்கிய நெற்லோகோ. அதிலே ஆமை பிறக்கும் வழிகள் மூன்று. வெளியே நின்று நோக்குபவன் படைக்கலாம். ஓர் ஆமை இன்னோர் ஆமையை 'ஹட்ச்' செய்யலாம், அது பொரித்தல். நிலத்தின் ஒரு துண்டு தன்மேல் ஆமையை 'ஸ்பிறவுட்' செய்யலாம், அது முளைத்தல். பெயரீட்டிலே உள்ள நயம் பாராட்டுதற்குரியது. நோக்குபவன் படைத்த ஆமைக்குத் திசையும் நிறமும் தற்செயலாகவே கிடைக்கும். பொரித்துப் பிறந்ததோ தன் எண்ணொழிந்த ஏனையவற்றைத் தாயிடமிருந்து பெற்றுக்கொள்ளும். பழைய ரெக்சாஸ் லோகோவிலே ஆமையிடம் 'சொல்' என்றிருந்த வினை நெற்லோகோவிலே 'கேள்' என மென்மையுற்றிருப்பதும் சுவையான செய்தி. ஏவல் வியங்கோளாயிற்று எனலாம்.

தொடக்க காலப் பதிப்புகளிலே நெற்லோகோவின் 'கேள்' கட்டளை ஆமைகளை மாறிமாறி இயக்கியது. உலகின் நிலையை மாற்றும் ஒரு செயலைச் செய்தவுடன், எடுத்துக்காட்டாக ஓரடி நகர்ந்தவுடன் அல்லது தன் மாறியொன்றை மாற்றியவுடன், ஓர் ஆமையின் முறை முடிந்து அடுத்ததன் முறை வரும். 2007இல் வெளியான நான்காம் பதிப்பில் இம்முறை கைவிடப்பட்டது; ஓர் ஆமை தன் கட்டளைகள் அனைத்தையும் முடித்த பின்னரே அடுத்தது தொடங்கும் என்றாயிற்று. பழைய முறை வேறு பெயருடன் ஒதுக்கி வைக்கப்பட்டது. மாறிமாறி இயங்கும் உலகிலே பிறப்பு எத்துணை ஆபத்தானது என்பதை எண்ணிப்பார்க்கலாம். புதிய ஆமை தன் முதல் மாறிக்குப் பெறுமானம் இட்டவுடனே அதன் முறை முடிந்துவிடும். இரண்டாம் மாறி வெறுமையாக இருக்க, வேறோர் ஆமை வந்து அதனோடு கொடுக்கல் வாங்கலில் இறங்கிவிடும். இதனை உணர்ந்தே நெற்லோகோவை ஆக்கியோர் ஒரு விதி செய்தனர். பிறப்புக் கட்டளைகள் நடைபெறும்போது வேறெவரும் இயங்கலாகாது. புதியன முழுமையுறும்வரை பிறர் அவற்றை அணுகலாகாது. மொழி தானே மருத்துவிச்சியாய் நின்று வாயிலை அடைத்துக்கொள்கின்றது. இவ்விதியை நான் பெரிதும் மதிக்கின்றேன். கற்போனுக்கு அவன் அறியாமலே செய்யப்பட்ட உதவி இது.

ஆனால் வாயிலை அடைப்பது வெளியாரிடமிருந்து காக்குமேயன்றி உடன்பிறந்தாரிடமிருந்து காப்பதில்லை. இதனை இம்மொழியின் உண்மையான குறையெனக் கருதுகின்றேன். பத்து ஆமைகளைப் படைக்கச் சொன்னால் நெற்லோகோ முதலிற் பத்தையும் ஒருங்கே தோற்றுவிக்கின்றது. அதன் பின்னரே ஒவ்வொன்றாக, எழுந்தமானமான ஒழுங்கில், அவற்றின் பிறப்புக் கட்டளைகளை இயக்குகின்றது. ஆமைகளுக்குச் 'செல்வம்' என ஒரு மாறி உண்டெனக் கொள்வோம். இடப்படாத மாறியின் பெறுமானம் 0. பிறப்புக் கட்டளை இதுதான்: 1 முதல் 100 வரை ஏதேனும் ஓர் எண்ணை உன் செல்வமாகக் கொள், ஏனைய ஆமைகளின் சராசரிச் செல்வத்திலும் உன்னுடையது கூடுதலாயின் சிவப்பாகு, இன்றேல் நீலமாகு. கருத்திலே பிழை எதுவுமில்லை. ஆனால் முதலாவதாக இயங்கும் ஆமை நோக்கும்போது ஏனைய ஒன்பதின் செல்வமும் 0. அது எத்துணை வறியதாயினும் சிவப்பாகியே தீரும். இரண்டாவது நோக்கும்போது முதலாவதன் செல்வம் மட்டுமே உண்டு. அது 100 ஆகவே இருந்தாலும் ஒன்பதாற் பிரிக்கச் சராசரி ஏறத்தாழ 11. எனவே இரண்டாவதும் பெரும்பாலும் சிவப்பே. கடைசியாகப் பிறப்பு முடிக்கும் ஆமை ஒன்றே உண்மையான சமூகத்தோடு தன்னை ஒப்பிடுகின்றது. முடிவிலே திரை முழுவதும் செல்வர் மலிந்து தோன்றும்.

பிழைச்செய்தி எதுவும் வராது. செய்நிரல் நின்றுவிடாது. எந்த ஆமை முதலில் இயங்கியது என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதால், குறித்த ஓர் ஆமையைச் சுட்டி இதுவே பிறழ்ந்தது எனவும் கூறவியலாது. நெற்லோகோ விளையாட்டுக்காக மட்டும் பயன்படுவதன்று. சமூகவியல், பொருளியல், சூழலியல் ஆய்வுகளிலே பாவனை மாதிரிகள் அமைக்கப் பயன்படுவது. நான் காட்டிய எடுத்துக்காட்டு சிறியது. நிறத்தைப் பார்த்தே ஐயுறலாம். நூற்றுக்கணக்கான வரிகளிடையே இத்தகைய ஒரு வரி இருந்து, அதன் விளைவு சமத்துவமின்மை பற்றிய ஒரு முடிவாக அச்சேறுமாயின், அம்முடிவு சமூகத்தைப் பற்றியதா, பிறப்பு ஒழுங்கைப் பற்றியதா என்று யார் கேட்பர்?

இனி, ஸ்கிராச். ரெஸ்னிக்கும் அவர்தம் குழுவினரும் 2007இலே வெளியிட்ட இம்மொழியில் ஆமைக்குப் பதில் பூனை. மரபு லோகோ மரபே. 2013இல் வந்த இரண்டாம் பதிப்பு 'நகல்' என்னும் வசதியைத் தந்தது. ஓர் உரு தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளலாம். நகலானது 'நான் நகலாகத் தொடங்கும்போது' எனத் தலைப்பிட்ட தன் சொந்தக் கட்டளைத் தொடரை இயக்கும். தாய் அதற்காகக் காத்திராது. அடுத்த கட்டளைக்குச் சென்றுவிடும். அஃதாவது இங்கே ஆக்கி முழுக்க ஒத்தியங்காதது. பெயரிலே கூட அது தெரிகின்றது: கூற்று படைத்தவனுடையதன்று, பிறந்ததனுடையது. 'ஆக்கு' என்னும் பிறவினையும் 'ஆகு' என்னும் தன்வினையும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதைத் தமிழர் அறிவர். ஸ்கிராச் இரண்டையும் இரு வேறு கட்டளைகளாகவே பிரித்து வைத்தது. நெற்லோகோவிலே தாயின் உரைக்குள்ளேயே குழந்தையின் பிறப்பு அடங்கிவிட, ஸ்கிராச்சிலே குழந்தைக்கெனத் தனியுரை உண்டு. கருத்தளவிலே ஸ்கிராச்சின் நோக்கு உயர்ந்தது என்றே கூறுவேன்.

நடைமுறையில் வரும் வில்லங்கம் வேறு. தாய் ஒரு பொதுமாறியிலே 1 முதல் 10 வரை எண்ணிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நகலைப் படைக்கின்றது. நகல் பிறந்ததும் அம்மாறியைப் படித்துத் தன் இலக்கமாகக் கொள்ளவேண்டும். இவ்வேலையைத் திரையைப் புதுப்பிக்காது இயங்கும் ஒரு கட்டளைத் தொகுதிக்குள் அமைத்தால் தாய் பத்து நகல்களையும் படைத்து முடிக்கும்வரை ஒரு நகல்கூட இயங்கத் தொடங்காது. தொடங்கும்போது பத்தும் படிப்பது 10 என்னும் ஒரே இலக்கத்தையே. அதே கட்டளைகளைச் சாதாரண வளையத்தில் வைத்தால் பெரும்பாலும் சரியாக நடந்துவிடும். இதற்கு மருந்து உண்டு. 'இவ்வுருவுக்கு மட்டும்' உரிய மாறியிலே எண்ணை வைத்தால் நகலெடுக்கும் கணத்திலேயே பெறுமானமும் உடன் நகலாகிவிடும். பின்னர் தாய் என்ன செய்தாலும் குழந்தையின் இலக்கம் மாறாது. பழகியோர் அனைவரும் இதனை அறிவர். ஆனால் பத்து வயதுக் குழந்தை இதனை எவ்வாறு அறியும்? பப்பேர்ட் சொல்லியபடி எழுந்து நடந்து பார்த்தால் வழு வெளிப்படாது. நடக்கும் உடல் ஒன்று; அது தாயாகவும் குழந்தையாகவும் ஒரே வேளையிலே இருக்கமுடியாது. தாயாக நடந்தால் எல்லாம் சரி. குழந்தையாக நடந்தாலும் எல்லாம் சரி. வழு இருப்பது இருவர் காலங்களுக்கும் இடையேயுள்ள வெளியில். லோகோ மரபு கற்போனுக்கு அளித்த முதன்மையான கருவி இவ்விடத்திலே பயனற்றுப்போகின்றது. வழுவைத் தன் அறிவீனமாகக் கருதிக் குழந்தை ஒதுங்கிவிடவும் கூடும். எந்த மனநிலையைப் போக்கவென்று அம்மரபு எழுந்ததோ, அதே மனநிலை.

இத்தகைய நுட்பங்களைச் சிறுவரிடமிருந்து மறைப்பதே முறை என வாதிப்போர் உளர். ஒருநேரத்தில் ஒரு சுமையைத்தான் ஏற்றவேண்டும் என்பது அவர் வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிடமுடியாது. ஓராமை லோகோவின் வெற்றியே அதற்குச் சான்று. ஆயின் அங்கே மறைக்கப்பட்டது எதுவுமில்லை, பிறப்பே அங்கில்லை. நெற்லோகோவும் ஸ்கிராச்சும் படைக்கும் ஆற்றலைக் கற்போன் கையிற் கொடுத்துவிட்டன. கொடுத்த பின்னர், படைப்பு எப்போது முடிகின்றது என்பதை மட்டும் சொல்லாது விடுவது பாதி மறைப்பு. பாதி மறைப்பே தொல்லை தருவது. சிமுலாவின் 'பிரிந்துபோ' போன்ற ஒரு சொல் இவ்விரண்டிலும் இருந்திருப்பின் ஆசிரியர் அதனைச் சுட்டிக்காட்டிக் கற்பிக்கலாம். மாணவர் இருவர் எழுந்து, ஒருவர் தாயாகவும் ஒருவர் குழந்தையாகவும் நின்று, அச்சொல் வந்ததும் கைவிட்டுப் பிரிந்து நடந்து காட்டலாம். ஓருடலால் முடியாததை ஈருடலால் நடித்துக் காண்பதற்குப் பப்பேர்ட்டின் கொள்கையிலே தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அத்தகைய சொல் இல்லாத நிலையில் அனுபவம் மிக்கோர் செய்வது ஒன்றுண்டு. மேற்காட்டிய செல்வர் எடுத்துக்காட்டை அவர்கள் இரண்டாகப் பிரித்தே எழுதுவர். ஆமைகளைப் படைக்கும் கட்டளையினுள்ளே செல்வத்தை மட்டும் இட்டு, அக்கட்டளையை அவ்விடத்தில் முடித்துவிடுவர். பின்னர் புதுவரியிலே எல்லா ஆமைகளையும் மீண்டும் விளித்து, இப்போது உங்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்பர். அவ்விரு வரிகளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திலேதான் பத்து ஆமைகளும் பிறந்து முடிகின்றன. மொழி அதற்குப் பெயரிடவில்லை. இரு வரிகளையும் ஒன்றாக இணைத்து எழுதுவோரை அது எச்சரிப்பதுமில்லை.